கிரியேட்டினின் நோர்மல் என்றால் சிறுநீரகமும் நோர்மலா? ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை

லாப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ‘சீரம் கிரியேட்டினின்’ என்ற வரியைத் தேடி, பக்கத்தில் அச்சடித்திருக்கும் நோர்மல் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மடித்து கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுகிறோம். தயவுசெய்து அதோடு விடாதீர்கள், அதுவும் வன்னியில் இருந்துகொண்டு.

ஏன் வன்னி என்று சொல்கிறேன் என்றால், 1990களில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம், குறிப்பாக மதவாச்சி, பதவியா போன்ற இடங்களில் சலரோகமும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் சிறுநீரகம் பழுதாகிற ஒரு வருத்தம் கண்ணில் படத் தொடங்கியது, பிறகு அது வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இருப்பது தெரிய வந்தது. பெரும்பாலும் வயல் செய்கிறவர்களுக்குத்தான் வருகிறது. கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், பூச்சி களை மருந்துகள், வெயிலில் உடம்பு வற்ற வற்ற வேலை செய்வது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை. இந்த வருத்தத்தின் கெட்ட குணம், ஆரம்பத்தில் நோவும் இல்லை வீக்கமும் இல்லை. சலத்தில் புரதம்கூடப் பெரிதாகப் போகாது, அதனால் சலப் பரிசோதனையில் ‘அல்புமின் இல்லை’ என்று வந்தாலும் அதை நம்பி இருக்க முடியாது. இரத்தத்தில் கிரியேட்டினினைப் பார்த்து அதைச் சரியாக வாசித்தால்தான் நேரத்தோடு பிடிக்கலாம்.

சரி, கிரியேட்டினின் என்றால் என்ன? தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இரத்தத்துக்கு வரும், சிறுநீரகம் அதை வடித்துச் சலத்தோடு வெளியேற்றும். வடிக்கிற வேலை குறைந்தால் இரத்தத்தில் தேங்கும். ஆனால் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது, எவ்வளவு வெளியே போகிறது என்பதில் மட்டும் தங்கியிருப்பதில்லை, எவ்வளவு உண்டாகிறது என்பதிலும் தங்கியிருக்கிறது. தசை நிறைந்த இளந்தாரிக்கும், நாற்பத்து நான்கு கிலோ நிறையுள்ள அம்மம்மாவுக்கும் உண்டாகும் அளவு ஒன்றாக இருக்க முடியாது. லாப் ரிப்போர்ட்டில் இருக்கிற நோர்மல் வரியோ இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிழை வருவது இந்த இடத்தில்தான்.

அதனால் கிரியேட்டினினை வயதோடும் ஆணா பெண்ணா என்பதோடும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு, சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் இரத்தத்தை வடிக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதுதான் ஈஜிஎப்ஆர். ஆரோக்கியமான இளம் ஆளுக்கு இது 100 அளவில் இருக்கும், அதனால் நூற்றுக்கு எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டாலும் பெரிய பிழை இல்லை. சில லாப்கள் இதையும் சேர்த்துத் தருகின்றன, தராவிட்டால் நாங்களே கணக்குப் பார்க்கலாம்.

முதல் வேலை, அலகைப் பார்ப்பது

ஒரு லாப் மில்லிகிராம்/டெசிலீற்றரில் தரும், இன்னொன்று மைக்ரோமோல்/லீற்றரில் தரும். 1.1 என்றும் 97 என்றும் இரண்டு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பதறிப் போனவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். மைக்ரோமோலை 88.4 ஆல் வகுத்தால் மில்லிகிராம் வரும். மில்லிகிராமை 88.4 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். எண் 40க்கு மேல் இருந்தால் அது நிச்சயமாக மைக்ரோமோல், 0.5, 1.2, 3.4 என்று புள்ளியோடு இருந்தால் மில்லிகிராம்.

பக்கத்தில் ‘பிளட் யூரியா’ என்றும் ஒன்று இருக்கும். அதை வைத்து சிறுநீரகத்தை அளக்காதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், இறைச்சி மீன் கூடச் சாப்பிட்டாலும், வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் யூரியா ஏறும்.

கைக்கணக்கு

போனில் இருக்கிற சாதாரண கல்குலேட்டரே போதும் என்கிற அளவுக்கு இலகுவான சூத்திரம் கொக்ரொஃப்ட்–கோல்ட். 1976இல் வந்தது, மருந்தின் அளவைத் தீர்மானிக்க இன்றைக்கும் பாவிக்கிறார்கள்.

(140 − வயது) × நிறை கிலோவில் ÷ (72 × கிரியேட்டினின் மில்லிகிராமில்)

பெண் என்றால் வருகிற விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். கிரியேட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் இன்னும் சுகம்: (140 − வயது) × நிறை, அதை ஆணுக்கு 1.23 ஆலும் பெண்ணுக்கு 1.04 ஆலும் பெருக்கி, கிரியேட்டினினால் வகுத்துவிடுங்கள்.

இப்போது செய்து பார்ப்போம். 68 வயது அம்மா, நிறை 44 கிலோ, கிரியேட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் நோர்மல் எல்லைக்குள் இருக்கிறது. 140இல் 68 போக 72. 72 × 44 = 3168. கீழே 72 × 1.1 = 79.2. வகுத்தால் 40. பெண் என்பதால் 0.85 ஆல் பெருக்க 34. நூறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து நான்கு! அதே 1.1, 30 வயது, 70 கிலோ நிறையுள்ள மகனுக்கு வந்திருந்தால்? 110 × 70 = 7700, 79.2 ஆல் வகுக்க 97. தாயும் மகனும் ஒரே நாளில் ஒரே லாப்பில் இரத்தம் கொடுத்து ஒரே எண்ணை வாங்கி வந்தாலும், ஒருவருக்கு அது சுகம், மற்றவருக்கு அது எச்சரிக்கை.

டொக்டர்மார் பாவிக்கும் சூத்திரம்

வருத்தத்தின் கட்டத்தைச் சொல்வதற்கு இப்போது பாவிப்பது சிகேடி-எப்பி சூத்திரம், 2021இல் திருத்தி வெளியிட்டது. இதற்கு நிறை தேவையில்லை, வயதும் ஆண் பெண்ணும் கிரியேட்டினினும் போதும். இணையத்தில் இதற்கான கல்குலேட்டர் இலவசமாக இருக்கிறது, 2021 என்று போட்டதைத் தெரிவு செய்து, அலகைச் சரியாகப் பார்த்து எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் நின்று செய்ய வேண்டுமென்றால் போனைச் சரித்துப் பிடியுங்கள், பல போன்களில் அடுக்குக் கணக்குச் செய்யும் பொத்தான்கள் வரும். ஆணுக்குக் கிரியேட்டினின் 0.9க்கு மேல் இருந்தால்:

142 × (கிரியேட்டினின் ÷ 0.9) இன் −1.2 ஆம் அடுக்கு × 0.9938 இன் வயதாம் அடுக்கு

பெண்ணுக்கு 0.7க்கு மேல் இருந்தால் 0.9 இருக்கும் இடத்தில் 0.7 போட்டு, கடைசியில் 1.012 ஆல் பெருக்குங்கள். அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் அடுக்கு மாறும், ஆணுக்கு −0.302, பெண்ணுக்கு −0.241.

மேலே சொன்ன அம்மாவுக்கு இதில் 55 வரும், மகனுக்கு 93. ஒரே அம்மாவுக்கு ஒரு சூத்திரத்தில் 34, இன்னொன்றில் 55 என்றால் எதை நம்புவது என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. சிகேடி-எப்பி தருவது 1.73 சதுர மீற்றர் மேற்பரப்புள்ள ஒரு சராசரி உடம்புக்குச் சமப்படுத்திய எண். அந்த அம்மா 150 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்தால் அவருடைய உடம்பின் மேற்பரப்பு 1.35 அளவில்தான் வரும், அதற்கு ஏற்றபடி 55ஐக் குறைத்தால் 43. மிச்சம் இருக்கிற இடைவெளி, சூத்திரங்கள் பிறந்த விதத்தால் வருவது. கொக்ரொஃப்ட்–கோல்ட் கனடாவில் ஆண்களை வைத்துச் செய்தது, பெண்களுக்கான 0.85 அண்ணளவாக வைத்த எண், வயதானவர்களுக்கு அது குறைத்துக் காட்டும் பழக்கமுள்ளது. ஆக உண்மை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கலாம். என் அபிப்பிராயம், வீட்டில் கணக்குப் பார்க்கிறவர் இரண்டையும் செய்து இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். இரண்டும் 60க்கு மேல் என்றால் கொஞ்சம் ஆறுதல், ஒன்றாவது 60க்குக் கீழே என்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, பழைய ரிப்போர்ட்டில் லாப்காரர் 2009 சூத்திரத்தால் கணக்குப் போட்டிருக்கலாம். அதில் இதே அம்மாவுக்கு 52 வரும். 52 இப்போது 55 ஆகிவிட்டது, சுகமாகிறது என்று சந்தோஷப்பட ஒன்றும் இல்லை, சூத்திரம்தான் மாறியது. பழைய கிரியேட்டினின் எண்களை எடுத்து எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் திரும்பப் போட்டால்தான் ஒப்பிடலாம்.

கட்டங்கள்: 90க்கு மேல் முதலாவது, 60 முதல் 89 இரண்டாவது, 45 முதல் 59 மூன்று-அ, 30 முதல் 44 மூன்று-ஆ, 15 முதல் 29 நான்கு, 15க்குக் கீழே ஐந்து. முதல் இரண்டு கட்டங்களில் எண்ணை மட்டும் வைத்து வருத்தம் என்று சொல்ல முடியாது, சலத்தில் அல்புமின், ஸ்கானில் மாற்றம் என்று வேறு அடையாளமும் வேண்டும். 60க்குக் கீழே வந்தாலும் ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு கட்டுவதில்லை, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நிற்க வேண்டும்.

ஒரு எண்ணை விட, எண்கள் போகிற போக்கு

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிகவும் பெறுமதியானது பழைய ரிப்போர்ட்டுகள்தான். 50 வயதுக் கமக்காரர் ஒருவருக்குக் கிரியேட்டினின் 0.8 என்று வைப்போம், இரண்டு வருடம் கழித்து 1.2. இரண்டும் நோர்மல் எல்லைக்குள், இரண்டு தடவையும் ‘பிரச்சினை இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சிகேடி-எப்பியில் கணக்குப் போட்டால் 108இலிருந்து 73க்கு இறங்கியிருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கிரியேட்டினின் இரட்டிப்பானால் வடிக்கும் வேலை பாதிக்கும் கீழே என்பது அண்ணளவான விதி, அதனால் 0.7 இலிருந்து 1.4 ஆவது மிகப் பெரிய இழப்பு, 4 இலிருந்து 5 ஆவது அதைவிடச் சின்னது. ஆனால் எங்கள் ஆட்கள் 4ஐக் கண்டுதான் பயப்படுகிறார்கள். பிடித்து நிறுத்தக்கூடிய காலம் அந்த 1.4க்கு முன்னால்தான் இருக்கிறது.

0.9 அடுத்த முறை 1.0 என்று வந்தால் உடனே பயப்பட வேண்டாம், அந்த அளவு ஏற்ற இறக்கம் நாளுக்கு நாளே இருக்கும், லாப்புக்கு லாப்பும் இருக்கும். அதனால்தான் முடிந்தவரை ஒரே லாப்பில் செய்யச் சொல்கிறேன். கொப்பியின் பின்பக்கத்தில் திகதி, லாப், கிரியேட்டினின், அலகு, நிறை, கணக்குப் பார்த்த எண் என்று ஒரு வரி எழுதுங்கள். லாப் தாளின் மை சில வருடத்தில் மங்கிவிடும், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஓமந்தையிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பஸ் ஏறி வவுனியாவுக்கு வந்து கிளினிக்கில் பாதி நாள் காத்திருந்தாலும், டொக்டரோடு பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்த நேரத்தில் ஐந்து வருட எண்களும் ஒரே பக்கத்தில் இருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

இரத்தம் கொடுக்கிற நாளில்

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், விடிய பஸ்ஸில் வேர்த்து வந்து, வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தால் கிரியேட்டினின் கூடித்தான் காட்டும். சீனிப் பரிசோதனைக்கு வெறும் வயிறு என்றால் தேத்தண்ணியும் சாப்பாடும்தான் கூடாது, பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், குடியுங்கள். (தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லி டொக்டர் சொன்னவர்கள் அந்த அளவோடு.) முதல் நாள் இரவு இறைச்சிக் கறி வேண்டாம், சமைத்த இறைச்சியில் கிரியேட்டினின் உண்டு, சில மணி நேரத்துக்கு எண்ணை ஏற்றிவிடும். முதல் நாள் வெட்டு, சூடடிப்பு, காடு வெளியாக்கல் என்று உடம்பை முறிக்கிற வேலையும் வேண்டாம். இடுப்பு நோவுக்கு டைக்ளோபெனாக் போன்ற குளிசை போட்டிருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், அது உண்மையிலேயே சிறுநீரகத்தைத் தாக்கும். கோட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக் வேறு விதம், சிறுநீரகம் கெடாமலே கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும்.

பிரஷருக்கோ சலரோகத்துக்கோ லோசார்டான், எனலாப்ரில் தொடங்கிய பிறகு கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. 30 வீதம் வரை ஏறினாலும் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள், ஏனென்றால் நீண்ட காலத்தில் அந்த மருந்து சிறுநீரகத்தைக் காக்கும். குளிசை கிட்னியைப் பழுதாக்கிப்போட்டுது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சூத்திரம் ஏமாற்றும் ஆட்கள்

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்கள் மற்ற இடங்களைவிட அதிகம். மிதிவெடியிலோ ஷெல்லிலோ கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டு வருடக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். தசை குறைந்தால் கிரியேட்டினின் குறைவாக உண்டாகும், அதனால் சிறுநீரகம் பாதி போன பிறகும் ரிப்போர்ட் 0.9 என்று சிரிக்கும். ஒரு முழுக் கால் உடம்பு நிறையில் ஏறக்குறைய 16 வீதம், முழங்காலுக்குக் கீழே என்றால் 6 வீதம் அளவு, சூத்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. முள்ளந்தண்டுக் காயக்காரருக்குச் சலப்பை சரியாகக் காலியாகாமல் சிறுநீரகம் பழுதாகிற ஆபத்து வேறு உண்டு. இவர்கள் ஈஜிஎப்ஆர் 90 என்று வந்தாலும் அதை நம்பி இருக்கக் கூடாது. மிகவும் மெலிந்த முதியவர்களுக்கும் இதே கதைதான்.

அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை, அது தசையில் அவ்வளவு தங்கியிருக்காது, ஆனால் செலவு கூட, எல்லா லாப்பிலும் செய்ய மாட்டார்கள், டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மற்றது பழைய முறை, 24 மணி நேரச் சலம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சலத்தை வெளியே விட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அடுத்த நாள் அதே நேரம் வரை ஒரு சொட்டும் விடாமல், அந்தக் கடைசிக் காலைச் சலத்தையும் சேர்த்து, லாப் தந்த கானில் பிடியுங்கள். வெளியே போக வேண்டியிருக்காத நாளாகப் பார்த்துச் செய்வது புத்தி. கணக்கு இப்படி:

சலத்தின் கிரியேட்டினின் × சலத்தின் அளவு மில்லிலீற்றரில் ÷ (இரத்தத்தின் கிரியேட்டினின் × 1440)

இரண்டு கிரியேட்டினினும் ஒரே அலகில் இருக்க வேண்டும், 1440 என்பது ஒரு நாளின் நிமிடங்கள். சலத்தில் 45 மில்லிகிராம், அளவு 1300, இரத்தத்தில் 1.1 என்றால் 58500ஐ 1584 ஆல் வகுக்க 37. இது உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதோடு ஒரு தடவை சலத்தைத் தவறவிட்டாலும் விடை கீழே போய்விடும்.

மறுபக்கம், உடம்பை வளர்க்கிற இளைஞர்கள், கிரியேட்டின் பவுடர் குடிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே எண் கூடிக் காட்டலாம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சூத்திரங்கள் பொருந்தாது, பிள்ளைகளுக்கு வேறு உண்டு.

கணக்கே பார்க்கக் கூடாத நேரம்

இந்தச் சூத்திரங்கள் எல்லாம் கிரியேட்டினின் ஒரு நிலையில் நிற்கும்போது மட்டும்தான் சரி. சிறுநீரகம் திடீரென நின்றுபோனாலும் கிரியேட்டினின் ஏற நாள் எடுக்கும், முதல் நாள் ரிப்போர்ட்டில் ஈஜிஎப்ஆர் 70 என்று வரும்போது உண்மையில் அது பத்தாக இருக்கலாம். வயலில் இறங்கிய பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கண்ணாடி விரியன் கடித்தாலும் சிறுநீரகம் சில மணி, சில நாளில் அடிபடும். கடுமையான வயிற்றோட்டமும் அப்படித்தான். சலம் குறைந்தாலோ, தேத்தண்ணி நிறத்தில் போனாலோ கல்குலேட்டரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எண் குறைந்து வந்தால் செய்ய வேண்டியது

டொக்டரிடம் காட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள், அதோடு சலத்தில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் கேளுங்கள், மில்லிகிராம்/கிராம் அலகில் 30க்குக் கீழே இருக்க வேண்டும், 300க்கு மேல் போனால் ஆபத்து கூட. ஈஜிஎப்ஆர் 45க்குக் கீழே என்றால் மெட்ஃபோர்மின் அளவைக் குறைக்க வேண்டி வரும், 30க்குக் கீழே அதை நிறுத்துவார்கள், அதனால் சலரோகத்துக்கு அதைப் போடுகிறவர்கள் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் காட்டுவது நல்லது. நோவுக் குளிசையைக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை அன்றோடு நிறுத்துங்கள். நாட்டு மருந்து எடுப்பவர்கள், ஆடுதீண்டாப்பாளை அல்லது ஈஸ்வரமூலி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், அந்தக் குடும்பத்து மூலிகைகளில் சிறுநீரகத்தை அழிக்கும் அமிலம் உண்டு. காமரங்காய்ச் சாறும் வேண்டாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையையும் தாக்கும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது, ஆர்.ஓ. தண்ணீர் ஊரில் கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை எடுங்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள்: எனக்கு ஈஜிஎப்ஆர் எத்தனை, போன முறை எத்தனை, என் குளிசைகளில் எதன் அளவை இதற்காக மாற்ற வேண்டும், அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, ஸ்கான் தேவையா. வீட்டில் ஒருவருக்குக் குறைந்து வந்தால், அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து அதே வயலில் வேலை செய்கிற மற்றவர்களும் ஒரு தடவை கிரியேட்டினின் பார்க்கட்டும்.